காஷ்மீரத்து மருத்துவத் தொண்டர் எல்ம்ஸ்லி

நாடுகளை வென்ற மன்னர்களின் பெயர்களை வரலாறு பெரிய எழுத்துகளில் பொறித்து வைத்திருக்கிறது. நோயை வெல்ல முயன்றோரின் பெயர்களோ பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. வரலாற்று மாணவனாகிய நான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தைப் பற்றிப் படித்தபோது, அவ்வாறு ஒதுங்கிக் கிடந்த பெயர் ஒன்றில் என் கண் நிலைத்தது. வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி என்பது அப்பெயர்.

இமயத் தொடர்களுக்கிடையே, இந்திய நாட்டின் வட எல்லையில் அமைந்த காஷ்மீரப் பள்ளத்தாக்கில் மேனாட்டு மருத்துவத்துக்கு அடிகோலியவர் இந்தக் கிறித்தவ மருத்துவர். அங்குள்ள மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் இவர் பெயரைக் கூறாமல் தொடங்க இயலாது. ஆயினும் அந்நாட்டில் ஒரு குளிர்காலத்தையேனும் கழிக்க இவருக்கு இசைவு கிடைக்கவில்லை. இவருக்கு அளிக்கப்பட்டவை சில கோடைக் காலங்கள் மட்டுமே. அக்கோடைகளில் இவர் ஆற்றிய பணியையே ஈண்டு எழுத விழைகிறேன்.

இளமையும் கல்வியும்

எல்ம்ஸ்லி 1832-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரில் பிறந்தார். தந்தையார் காலணித் தோல் தைக்கும் தொழிலாளி. குடும்பம் வறுமையை நன்கு அறிந்த குடும்பம். ஆதலால் மகனும் சிறு வயதிலேயே தந்தையின் பக்கத்தில் அமர்ந்து தோல் தைக்கலானார். தைக்கும்போது எதிரே ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாராம். கையில் ஒரு நூல். கண்ணெதிரே மற்றொரு நூல்! விடியற்காலையில் வயலிலும் தறியிலும் உழைத்துவிட்டு, முதல் மணி அடிக்குமுன் வகுப்புக்கு ஓடிவரும் நம் கல்லூரி நண்பர்கள் பலருக்கு இக்காட்சி அயல்நாட்டுக் காட்சியாகத் தோன்றாது.

அபர்தீனில் கலைக்கல்வி முடித்து, பின்னர் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றார். மருத்துவக் கல்விக்கு அந்நாளில் எடின்பரோ பெரும்பெயர் பெற்றிருந்தது. குளோரோபாம் என்னும் மயக்க மருந்தைச் சிம்சன் 1847-இல் பயன்படுத்திக் காட்டியதும் அந்நகரில்தான். 1841-இல் அங்கே தோன்றிய மருத்துவத் தொண்டுச் சங்கம், இளம் மருத்துவர்களை நகரின் ஏழை மக்களிடையே பணியாற்றப் பழக்கி, பின் அயல்நாடுகளுக்கு அனுப்பி வந்தது. அச்சங்கத்தாரோடு நெருங்கிப் பழகிய எல்ம்ஸ்லியின் உள்ளம், வசதியான தொழில் வாழ்க்கையை விட்டுத் தொலைநாட்டுப் பணியின்பால் திரும்பியது. 1864-இல் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அன்றைய காஷ்மீர்

அவர் செல்லவிருந்த நாட்டின் நிலை யாது? 1846-ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, ஆங்கிலேயர் காஷ்மீரத்தை 75 இலட்சம் ரூபாய்க்குக் குலாப் சிங்குக்கு அளித்தனர். ஒரு நாடும் அதன் மக்களும் விலைபேசப்பட்ட கதை அது. அவருக்குப் பின் அவர் மைந்தர் ரண்பீர் சிங் ஆண்டுவந்தார். வெள்ளையர் கோடையில் வந்து செல்லலாம். நிலம் வாங்கலாகாது, வீடு கட்டலாகாது, குளிர்காலம் தொடங்குமுன் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற வேண்டும் என்பது அங்கு நிலவிய விதி.

இவ்விதியை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. ஆங்கிலேயர் விருந்தினராய்ப் புகுந்த இடங்களில் எல்லாம் பின்னர் ஆட்சியாளராய் அமர்ந்ததைக் கண்ட அரசு அது. அதன் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தவர்கள், மருத்துவரை நாடி நின்ற ஏழைகள்.

எல்ம்ஸ்லிக்கு முன்னரே, 1864-இல், கிளார்க் என்னும் பாதிரியாரின் துணைவியார் ஸ்ரீநகரில் மருந்து வழங்கத் தொடங்கியிருந்தார். அங்குத் திரண்ட கூட்டமே மருத்துவரின் தேவையை உணர்த்தியது. பஞ்சாபில் இருந்த ஆங்கில அலுவலர் சிலர் நிதி திரட்டி, சர்ச் மிஷனரி சங்கத்திடம் ஒரு மருத்துவரை வேண்டினர். எல்ம்ஸ்லி வேறொரு திருச்சபையைச் சார்ந்தவர். எனினும் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது.

திண்ணையே மருத்துவமனை

1865-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் எல்ம்ஸ்லி ஸ்ரீநகரில் தம் மருத்துவப் பணியைத் தொடங்கினார். மருத்துவமனைக் கட்டடம் ஏது? தாம் தங்கியிருந்த சிறு வீட்டின் திண்ணையே மருந்தகமாயிற்று. அறுவை மருத்துவத்துக்கும் அவ்விடமே பயன்பட்டது. செய்தி பரவப் பரவ நோயாளர் கூட்டம் பெருகியது.

கூட்டம் பெருகவே அரசின் ஐயமும் பெருகியது. நோயாளர் வரும் வழிகளில் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டனர். வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும் காவலர் கண்ணில் படாமல் வேறு வழியாக வந்து சேர்ந்தவர்கள் உண்டு. உடல் வலி, தண்டனைக்கு அஞ்சும் அச்சத்தை விடப் பெரிதல்லவா!

எல்ம்ஸ்லி சமயப் பணியாளரும் ஆவார். மருந்து கொடுக்குமுன் விவிலியப் பகுதியை எடுத்துரைப்பது அவர்தம் வழக்கம். தம் நோக்கத்தை அவர் ஒளித்துவைத்தவர் அல்லர். அந்நோக்கத்தை ஏற்போரும் இருப்பர், மறுப்போரும் இருப்பர். ஆனால் மருத்துவம் பெறுவதற்கு மதம் ஒரு நிபந்தனையாக இருந்ததில்லை. இசுலாமியரும் இந்துக்களும் வந்தனர், மருந்து பெற்றனர், தம் சமயத்திலேயே இருந்து இல்லம் திரும்பினர்.

அக்டோபர் வந்துவிட்டால் திண்ணை மருத்துவமனையை மூட வேண்டும். 11,000 அடிக்கும் மேற்பட்ட பீர்பஞ்சால் கணவாயைக் கடந்து சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். பாதி ஆறிய புண்ணோடு இருப்பவனை யாரிடம் விட்டுச் செல்வது? குளிர்காலத்தில்தானே நோயும் மிகுதி! இவ்வேதனையை அவர் ஆண்டுதோறும் சுமந்தார். இளவேனிலில் மீண்டும் மலையேறி வந்து, முதலிலிருந்து தொடங்கினார். 1867-ஆம் ஆண்டு அரித்துவாரக் கும்பமேளாவை ஒட்டி வட இந்தியா எங்கும் பரவிய வாந்திபேதி காஷ்மீரத்தையும் தாக்கியபோது, அந்நோயாளரிடையேயும் அவர் பணியாற்றினார்.

சால்வையின் பின்னால்

காஷ்மீரச் சால்வையின் அழகை அறியாதார் இலர். அதை நெய்தவர்களின் நிலையை அறிந்தார் சிலரே. நெசவாளர்மீது கடுமையான வரி. தொழிலை விட்டு விலகவோ நாட்டை விட்டு வெளியேறவோ அவர்களுக்கு உரிமை இல்லை. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ஸ்ரீநகரில் அவர்கள் திரண்டு முறையிட்டனர். படைவீரர் பாய்ந்ததில் 28 தொழிலாளர் மாண்டனர் என்று வரலாறு கூறுகிறது. எல்ம்ஸ்லி தம் திண்ணையில் மருந்துப் பெட்டியைத் திறந்தது, அதற்குப் பத்து நாட்களுக்குப் பின்னர்தான்.

நான் கைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவன். குழித்தறியில் காலை இறக்கி, காலை முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை குனிந்து நெய்பவரின் முதுகு என்ன பாடுபடும் என்பதை என் தந்தையாரைப் பார்த்து அறிந்தவன். ஆகையால் எல்ம்ஸ்லி சால்வை நெசவாளரைக் கூர்ந்து நோக்கினார் என்று படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது. காற்றோட்டமற்ற நெருக்கமான அறைகளில் நாள் முழுதும் அமர்ந்து உழைப்பதே அவர்களுடைய மார்பு நோய்க்கும் மூட்டு வலிக்கும் காரணம் என்று அவர் கண்டார். நோயாளி செய்யும் தொழிலையும் கேட்டறிந்து மருத்துவம் பார்த்தவர் அவர்.

கணப்புச் சட்டியும் புற்றுநோயும்

நோயைக் கண்டால் மட்டும் போதாது, அது எதனால் வந்தது என்றும் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த மருத்துவ நெறி. எல்ம்ஸ்லி திருக்குறளைப் படித்திருக்க வாய்ப்பில்லை. எனினும் அந்நெறி அவரிடம் இருந்தது.

காஷ்மீர மக்கள் குளிரைப் போக்கக் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியைப் பயன்படுத்துவர். உள்ளே மண்சட்டி, வெளியே பிரம்பு போன்ற குச்சிகளால் பின்னிய கூடு, சட்டியில் கனன்றுகொண்டிருக்கும் கரித்தணல். ஃபெரன் என்னும் தொளதொளத்த அங்கிக்குள் அதை வைத்து, வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொள்வர். குளிர்காலத்தில் அது அவர்களுக்கு உயிர்த்தோழன்.

தம்மிடம் வந்த நோயாளர் பலரின் வயிற்றுத் தோலிலும் தொடையிலும் புற்று தோன்றியிருப்பதை எல்ம்ஸ்லி கண்டார். மற்ற நாடுகளில் இவ்விடங்களில் இந்நோய் அரிது. அப்படியானால் இங்கு மட்டும் ஏன்? ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் படும் வெப்பமும், மீண்டும் மீண்டும் ஏற்படும் தீப்புண்ணும், அதன் வடுவுமே காரணம் என்று துணிந்தார். 1866-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ இதழில் அதனை எழுதி வெளியிட்டார். புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்று 1775-இல் இலண்டன் மருத்துவர் பாட் கண்டறிந்ததோடு ஒப்பிடத்தக்க கண்டுபிடிப்பு இது. புற்றுநோய் என்பது விதியின் சாபம் என்று உலகம் நம்பிய காலத்தில், அதற்குப் புறத்தே ஒரு காரணம் உண்டு, அதைத் தவிர்க்கவும் கூடும் என்று காட்டியது அக்கட்டுரை. காங்கிரிப் புற்று என்னும் பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் வழங்குகிறது.

மொழித் தொண்டு

நோயாளி தன் வலியைத் தாய்மொழியில்தான் முழுமையாகச் சொல்ல முடியும். இதை உணர்ந்த எல்ம்ஸ்லி காஷ்மீரி மொழியை ஊன்றிக் கற்றார். மலையை விட்டு இறங்க நேர்ந்த குளிர்காலங்களை அவர் வீணாக்கவில்லை. அமிர்தசரஸில் தங்கிச் சொற்களைத் தொகுத்தார். அவர் தொகுத்த காஷ்மீரிச் சொற்றொகுதி 1872-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. நாட்டை விட்டு வெளியேற்றிய விதியே அம்மொழிக்கு ஒரு சொல்நூலைத் தந்தது என்றால் மிகையாகாது.

இறுதிப் பயணம்

இடையில் தாயகம் சென்ற எல்ம்ஸ்லி, அங்குத் திருமணம் செய்துகொண்டு, 1872-ஆம் ஆண்டு துணைவியாருடன் காஷ்மீரம் திரும்பினார். அக்கோடையிலும் ஓயாத உழைப்பு. உடல் தளர்ந்தது. ஆனால் குளிர்காலம் நெருங்கியது, விதி விதிதான். நோயுற்ற நிலையிலும் பீர்பஞ்சாலைக் கடந்தார். மலையைத் தாண்டிப் பஞ்சாபின் குஜராத் நகரை அடைந்தவர், அங்கேயே 1872 நவம்பர் 18-ஆம் நாள் உயிர்நீத்தார். அப்போது வயது 40. எத்தனையோ நோயாளரைக் காத்தவருக்கு, நோயுற்ற காலத்தில் படுத்து ஓய்வுகொள்ள அந்தப் பள்ளத்தாக்கில் இடம் கிட்டவில்லை! துணைவியார் துயரத்தைத் தாங்கிக்கொண்டு அமிர்தசரஸிலேயே தங்கித் தொண்டைத் தொடர்ந்தார்.

விதைத்தவரும் அறுத்தவரும்

1874-இல் மாக்ஸ்வெல் என்னும் மருத்துவர் வந்தார். எந்த அரசு வழிகளில் சிப்பாய்களை நிறுத்தியதோ, அதே அரசு இப்போது மருத்துவமனைக்கு ஒரு குன்றின்மேல் இடம் அளித்தது. மக்கள் பெற்ற பயனை அரசும் பார்த்திருந்தது என்றே நான் கருதுகிறேன். அவருக்குப் பின் டவுன்ஸ் வந்தார். 1882-இல் ஆர்தர் நீவும், 1886-இல் அவர் தம்பி எர்னஸ்ட் நீவும் வந்து, அம்மருத்துவமனையைப் பெரிதாக வளர்த்தனர். 1891-இல் தொழுநோயாளருக்கெனத் தனி மருத்துவமனை எழுந்தது. காங்கிரிப் புற்றைப் பற்றி எல்ம்ஸ்லி தொடங்கிய ஆராய்ச்சியை நீவ் சகோதரர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்தனர். மிஷன் மருத்துவமனை இருந்த துருக்ஜன் பகுதியில் இன்று அரசின் நெஞ்சுநோய் மருத்துவமனை இயங்குகிறது.

அன்பு மாணவ நண்பர்களே! கட்டி முடித்த மாளிகையைக் காட்டி ஒருவரைப் பெரியவர் என்று சொல்வது எளிது. எல்ம்ஸ்லி காட்டுவதற்கு ஒரு கட்டடமும் இல்லாதவர். ஒரு திண்ணை, ஒரு கட்டுரை, ஒரு சொற்றொகுதி, ஆண்டுதோறும் அறுபட்டு ஆண்டுதோறும் தொடங்கிய பணி, இவையே அவர் விட்டுச் சென்றவை. நம்மில் பலர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் தொடங்குவதை நாமே முடித்துக் காண்போம் என்னும் உறுதி நமக்கு இல்லை. காண முடியாமற் போகலாம் என்பதற்காகத் தொடங்காமல் இருந்துவிட வேண்டியதில்லை என்று, தோல் தைத்துக்கொண்டே படித்த அந்த அபர்தீன் சிறுவனின் வாழ்க்கை எனக்குச் சொல்கிறது.