சாலையையே மேடையாக்கிய சிரிப்பு நடிகர் வில் கெம்ப்

ஷேக்ஸ்பியரின் பெயரை நம்மில் பலரும் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். அவருடைய நாடகங்களில் மக்களைச் சிரிக்க வைத்த வில்லியம் கெம்ப்பை அறிந்தவர்கள் குறைவு. வில் கெம்ப் என்றால்தான் அன்றைய லண்டன் மக்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தை முதலாம் எலிசபெத் மகாராணி ஆண்ட காலம் அது. 1580களில் லெஸ்டர் பிரபுவின் நாடகக் குழுவில் இருந்த கெம்ப், பிரபுவுடன் நெதர்லாந்து சென்றார். 1586இல் டென்மார்க் அரசவையிலும் ஆடிக் காட்டினார்.

1594இல் ஷேக்ஸ்பியர் இருந்த குழுவில் சேர்ந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் மகாராணி முன்னிலையில் நடித்ததற்கான பணத்தைக் கெம்ப், ஷேக்ஸ்பியர், ரிச்சர்ட் பர்பேஜ் ஆகிய மூவரும் குழுவுக்காகப் பெற்றனர். அரசாங்கக் கணக்கில் கெம்ப்பின் பெயரே முதலில் இருக்கிறது.

ரோமியோ ஜூலியட் நாடகத்தில் வேலைக்காரன் பீட்டராகவும், வேறொரு நாடகத்தில் சொற்களைத் தாறுமாறாக உளறும் காவலர் டாக்பெரியாகவும் நடித்தார். அந்த நாடகங்களின் பழைய அச்சுப் பிரதிகளில், பாத்திரத்தின் பெயர் வரவேண்டிய சில இடங்களில் கெம்ப்பின் பெயரே அச்சாகியுள்ளது. நாடகம் முடிந்ததும் பாட்டும் கேலியும் கலந்த ஜிக் என்ற ஆட்டம் நடக்கும். அதில் அவர் பெரும் புகழ் பெற்றவர்.

1599இல் குளோப் அரங்கம் எழுந்தபோது பங்கு பெற்ற ஐந்து நடிகர்களில் கெம்ப்பும் ஒருவர். ஆனால், விரைவிலேயே பங்கை விட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். அரங்கமும் இல்லை, குழுவும் இல்லை. பிழைப்புக்கு வழி வேண்டுமே!

லண்டனிலிருந்து நார்விச் நகரம் வரை ஆடிக்கொண்டே போவதாகப் பந்தயம் கட்டினார். நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரம். 1600ஆம் ஆண்டு, தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை காலில் சலங்கை கட்டிக்கொண்டு லண்டன் மேயர் வீட்டிலிருந்து புறப்பட்டார். குழலும் சிறு மேளமும் வாசிக்க ஒருவர், வேலையாள் ஒருவர், பந்தயம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒருவர் என மூவர் உடன் சென்றனர்.

செம்ஸ்ஃபோர்டில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி அவருடன் ஒரு மணி நேரம் ஈடுகொடுத்து ஆடினாள். சட்பெரியில் கட்டுமஸ்தான இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் துணைக்கு வந்து, அரை மைலிலேயே களைத்து நின்றுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த கிராமத்துப் பெண் அவரைத் திட்டிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மைல் தூரம் கெம்ப்புடன் ஆடினாள். வழியெல்லாம் சேறு. பனி கொட்டியதால் பரி நகரில் சில நாள் தங்க வேண்டியதாயிற்று.

ஆடிய நாள்கள் ஒன்பது. ஓய்வு நாள்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மாதம். நார்விச் மேயர் அவரை வரவேற்றுப் பரிசளித்ததோடு, ஆண்டுக்கு 40 ஷில்லிங் உதவித்தொகையும் வழங்கினார். ஆடிய காலணிகள் நகர மன்றத்தில் மாட்டப்பட்டன. ஆனால், பந்தயம் கட்டியவர்களில் பலர் பணம் தராமல் நழுவிவிட்டனர்.

தன்னைப் பற்றிப் பொய்ப் பாட்டுகள் பரவுவதைக் கண்ட கெம்ப், நடந்ததைத் தாமே எழுதி அதே ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டார். நாட்டியக்காரன்தானே என்று ஏளனம் செய்தவர்களுக்கு அதுவே அவருடைய பதில்.

பின்னர் இத்தாலி, ஜெர்மனி சென்று 1601இல் திரும்பி, வூஸ்டர் பிரபுவின் குழுவில் நடித்தார். கடன் வாங்கும் நிலையும் வந்தது. 1603இல் லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் சவுத்வார்க் தேவாலயப் பதிவேட்டில் உள்ள ஓர் அடக்கக் குறிப்பு அவருடையது என்று கருதப்படுகிறது. அதில் கெம்ப் என்ற ஓர் ஆள் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நடிகர் என்றுகூட எழுதவில்லை.

அவர் எழுதிய அந்தச் சிறு நூல் இன்றும் இருக்கிறது. அதன் முகப்புப் படத்தில், மேளக்காரர் அருகில் நிற்க, சலங்கை கட்டிய காலுடன் கெம்ப் ஆடிக்கொண்டிருக்கிறார்.