காட்டைக் காக்கக் கூட்டத்தை அழைத்தவர்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் தந்தை என்று ஜான் மியூரைப் பலரும் போற்றுகிறார்கள். அந்தப் பட்டத்தைவிட, அவர் விட்டுச்சென்ற ஒரு சிக்கல்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. காட்டைக் காப்பாற்ற மக்களை அங்கே அழைக்க வேண்டும் என்றார் அவர். வந்த மக்களே காட்டுக்குச் சுமையானால் என்ன செய்வது?

மியூர் 1838-இல் ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்தவர். 1849-இல் அவர் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறியது. அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெறாமலே வெளியேறினார். 1867-இல் தொழிற்சாலை விபத்தில் கண்ணில் காயம்பட்டு, சில வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியதும் இயந்திரங்களுக்கு விடைகொடுத்துவிட்டு, புளோரிடா வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நடந்தார். மறு ஆண்டே கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கண்டார்.

அது ஆளில்லாத காடு அன்று. அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களை 1851-இல் ஆயுதப் படை விரட்டியிருந்தது. அவர்களை இழிவாகச் சித்திரித்த வரிகள் மியூரின் தொடக்ககால எழுத்தில் உண்டு. அவரைப் போற்றும்போது இதையும் நாம் மறைக்கக்கூடாது.

யோசெமிட்டியில் அவருக்குச் சோறு போட்டதே சுற்றுலாதான். விடுதி உரிமையாளர் ஒருவருக்காக, விழுந்த மரங்களைப் பலகைகளாக அறுத்துக் கொடுத்தார். ஆடு மேய்க்கப் போன கோடையில், மந்தைகள் மலைப் புல்வெளிகளை மொட்டையடிப்பதை நேரில் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார். 1890-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவானது. அதற்குத் துணைநின்றவர்களில் ஒரு ரயில் நிறுவனமும் இருந்தது. பயணிகள் வந்தால் அதற்கு வருமானம்.

1892-இல் சியரா கிளப் என்ற அமைப்பு உருவானது. மியூர் அதன் முதல் தலைவர். 1901 முதல் உறுப்பினர்களைப் பெருங்குழுக்களாக மலைக்கு அழைத்துச் சென்றார்கள். கண்ணால் பார்த்தவர்தான் காட்டுக்காகக் குரல் கொடுப்பார் என்பது அவர்களுடைய கணக்கு. 1903-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மியூருடன் மூன்று இரவுகள் அங்கே முகாமிட்டார். மூன்றே ஆண்டுகளில், மாநிலத்தின் கையிலிருந்த யோசெமிட்டி பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவுடன் சேர்ந்தது. கணக்கு பலித்தது.

பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி என்ற மற்றொரு பள்ளத்தாக்கில் அது பலிக்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அங்கே அணை கட்ட 1913-இல் நாடாளுமன்றம் அனுமதித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று மியூர் காலமானார்.

அதே 1913-இல்தான் யோசெமிட்டியில் கார்கள் அனுமதிக்கப்பட்டன. 1954-இல் ஆண்டு வருகை பத்து லட்சத்தைத் தாண்டியது. அண்மைக் காலத்தில் நாற்பது லட்சத்தைத் தொட்ட ஆண்டுகளும் உண்டு. மலைகளை மக்கள் எளிதில் சென்றடையச் செய்வது என்ற தன் நோக்கத்தை 1951-இல் சியரா கிளப்பே கைவிட்டது.

மியூரின் கணக்கு பாதி சரி என்றே நான் நினைக்கிறேன். யாருமே பார்க்காத காட்டுக்காகப் பேச ஆள் இருக்காது. ஆனால், எத்தனை பேர் என்ற கேள்வியை அவர் காலம் கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும். நம் கினபாலு மலையில் ஒரு நாளைக்கு ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. அனுமதி கிடைக்காதபோது எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த வரம்பும் மலையைக் காக்கும் வேலையில் ஒரு பங்குதான்.