மலைப்பாதையில் பாவலர் வரதராசன்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கு மலைக்கு ஏறுவோர்க்குச் சாலைகள் மூன்று. தெற்கே கூடலூரைக் கடந்து குமுளியை அடைவது ஒன்று. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்குச் செல்வது மற்றொன்று. வடக்கே போடிநாயக்கனூரில் தொடங்கி, 17 கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டை எட்டி, பூப்பாறை, தேவிகுளம் வழியே மூணாறு சேர்வது மூன்றாவது. இவையன்றித் தேவாரம், கோம்பைப் பகுதி மக்கள் ஏலத்தோட்ட வேலைக்கு நடந்தே ஏறிய ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. அரிசியும் பருப்பும் ஏறி, தேயிலையும் ஏலமும் இறங்கிய இம்மலையில் பாட்டும் ஏறியிருக்கிறது. அதை ஏற்றிச் சென்றவருள் முதலில் நினைக்கத்தக்கவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன்.

தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பண்ணைப்புரம். தந்தையார் இராமசாமி மலைத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். எனவே மேலேயுள்ள தேயிலைக் காடும், அங்கே லயங்களில் அடைந்து கிடந்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் அக்குடும்பத்துக்குக் கேள்விப்பட்ட செய்திகள் அல்ல, வீட்டுச் செய்திகள். பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகிய மூவர்க்கும் மூத்தவரான வரதராசன், பொதுவுடைமை இயக்கத்தின் மேடைப் பாடகராக வளர்ந்தார்.

அவர் கையாண்ட முறை எளிது. ஆனால் எளிதில் கைவருவதன்று. மக்கள் வாயில் முன்பே குடியேறிவிட்ட திரைப்பட மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் கூலியையும் விலைவாசியையும் உரிமையையும் பற்றிய சொற்களை வைப்பார். கேட்பவன் மெட்டைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. ஒரு முறை கேட்டதை மறுநாள் கொழுந்து பறிக்கும் இடத்தில் பாடிவிடலாம். இரவல் மெட்டு என்று இதனை இகழ்ந்தோர் இருக்கலாம். சிந்தும் கும்மியும் கண்ட நம் மரபில் பழைய மெட்டில் புதுப் பொருளை ஏற்றுவது குறையாகக் கருதப்பட்டதில்லை என்பதை அவர்கள் மறந்துவிட்டனர் எனலாம்.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மறு ஆண்டு நடந்த தேர்தலில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி அங்கே ஆட்சி அமைத்தது. 126 இடங்கள் கொண்ட அவையில் கட்சிக்குக் கிடைத்தவை 60. ஆதரவு தந்த சுயேச்சைகள் ஐவர். ஆட்சி நின்றது அந்த மெல்லிய இழையில்தான். இந்நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்றிருந்த வெற்றி செல்லாதெனத் தீர்ப்பாக, 1958இல் இடைத்தேர்தல் வந்தது.

வேட்பாளரோ மலையாளி, வாக்காளருள் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். இரண்டுக்கும் நடுவே ஒரு குரல் வேண்டியிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து வரதராசன் மலையேறினார். அங்கே ஒரு லயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மேடும் பள்ளமும் மூடுபனியும் கிடக்கும். வேலை முடிந்து தொழிலாளர் வீடு திரும்பிய பின்னரே கூட்டம் சேரும். அயர்ந்த உடம்பினர் நெடிய சொற்பொழிவைத் தாங்கமாட்டார். பாட்டுக்கோ அவர்கள் வெளியே வந்து நின்றனர். ரோசம்மா மீண்டும் வென்றார். அவ்வெற்றியை நம்பூதிரிபாடு பாவலருக்கே உரியதாக்கிப் பேசினார் என்பது இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சொல் எவ்வாறாயினும், ஒரு பாடகரின் தொண்டை ஓர் அரசின் கணக்கில் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வரசு 1959 சூலை 31ஆம் நாள் கலைக்கப்பட்டது வேறு கதை.

இந்தப் பயணங்களின் காலத்தில்தான், 1943இல் பிறந்த தம்பி இராசையா, பின்னாளைய இளையராஜா, தம் பதினான்காம் வயதையொட்டி அண்ணனின் குழுவில் வழித்துணையாகச் சேர்ந்தார். குரல் உடையாத பருவமாதலின் பெண்குரலில் பாடுவது அவர் பங்காயிற்று. குரல் உடைந்தபின் கை ஆர்மோனியத்துக்குச் சென்றது. தம்பியர் மூவரும் சேர, குழு 'பாவலர் சகோதரர்கள்' என்று பெயர் பெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்றனர். இசைப்பள்ளி எதுவும் தராத ஒரு பயிற்சி அது. எந்த மெட்டுக்குக் கூட்டம் அசைகிறது, எந்த இடத்தில் பேச்சு எழுகிறது என்பதை அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து இரவுதோறும் கற்றார் தம்பி.

வரதராசனுக்கு அவ்வுழைப்பால் பொருள் சேரவில்லை. அவர் பாட்டுகளின் ஆயுளும் சிறிது. தேர்தல் முடிந்தால் தேர்தல் பாட்டும் முடியும், போராட்டம் அடங்கினால் அதன் பாட்டும் அடங்கும். மேடையில் பிறந்து மேடையோடு மறைந்தவை பல. ஏடு தேடும் ஆய்வாளர்க்கு அவர் அகப்படுவது அரிது.

1960களின் இறுதியில் தம்பியர் சென்னைக்குப் புறப்பட்டனர். இம்முறை சாலை மலைக்கு எதிர்த்திசையில் ஓடியது. அவர்களுக்குத் திரையுலகின் வாயில் திறக்குமுன், 1973இல் வரதராசன் மறைந்தார். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். தம்பி மெட்டமைத்த படமொன்றையும் அண்ணன் பார்க்கவில்லை. பின்னர்ச் சகோதரர் படநிறுவனம் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். 1981இல் தேனி அல்லிநகரத்தவரான பாரதிராஜா இயக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' அப்பெயரில் வந்தது. மெட்டுகளும் அப்போது இரவல் அல்ல, தம்பி இட்டவை.