750க்கு 282

அண்ணல் அம்பேத்கரின் பட்டங்களைப் பற்றி நம் ஊர் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். கொலம்பியா, லண்டன் என்று அடுக்குவோம். அவர் உயர்நிலைப் பள்ளியை எப்படித் தாண்டி வந்தார் என்று பேசுவது குறைவு. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் தடுமாறி நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இன்று தேவைப்படுவது அந்தக் கதைதான்.

1900ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று சதாரா அரசுப் பள்ளியில் அவர் சேர்ந்தார். வயது ஒன்பது. தாய் ஏற்கெனவே இறந்துவிட்டார். வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கை மூலையில் விரித்துத் தனியே உட்கார வேண்டும். அந்தச் சாக்கைப் பள்ளியைக் கூட்டும் வேலையாள்கூடத் தொடமாட்டார். தண்ணீர்க் குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் தாகம் தணியும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

படிப்பை விட்டுவிடலாம் என்று அவருக்கும் தோன்றியது. பம்பாய்க்குப் போய் மில் வேலையில் சேர்ந்து சொந்தக் காலில் நிற்க நினைத்தார். பயணச் செலவுக்காக அத்தையின் சுருக்குப் பையை எடுக்க இரவு இரவாக முயன்றார். கடைசியில் கையில் கிடைத்தபோது அதில் இருந்தது அரையணா. அந்த வெட்கத்தில் மனம் மாறியது. சீக்கிரம் சொந்தக் காலில் நிற்க வேண்டுமானால் அதற்குப் படிப்புதான் வழி என்று முடிவெடுத்தார். கைச்செலவுக்குக் காசு வருகிறதே என்று மில் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அரையணாவோடு திரும்பிய இந்தச் சிறுவனை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. மில் தொழிலாளர்கள் வாழ்ந்த பரேல் பகுதியில் ஒரே ஓர் அறை. சமையலும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். இருவர் சேர்ந்தாற்போல் படுக்கக்கூட இடம் போதாது. தந்தை ராம்ஜி ஒரு வழி கண்டார். மகனை மாலையிலேயே தூங்க வைத்துவிட்டுத் தான் விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் படுப்பார். மகன் எண்ணெய் விளக்கில் விடியும்வரை படிப்பார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிப் போன மகள்களிடம் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். நம் பிள்ளைகளை நடு இரவில் எழுப்பச் சொல்லவில்லை. படிக்க ஓர் இடமும் நேரமும் ஒதுக்கித் தருவது பெரியவர்களின் கடமை என்கிறோம். வீட்டில் முடியாவிட்டால் தெருவுக்கு ஒரு மாலை நேரப் படிப்பகமாவது வேண்டும்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் சாதி விடவில்லை. ஒருநாள் கணக்குப் போட ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்த மாணவர்கள், தீட்டுப்பட்டுவிடும் என்று ஓடிப்போய் அவற்றை அகற்றினார்கள். அவர் போய்க் கணக்கைப் போட்டார். சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், மறுத்துவிட்டார்கள். பாரசீக மொழியை எடுத்துப் படித்தார். பின்னாளில் சொந்த முயற்சியால் சமஸ்கிருதமும் கற்றார்.

பள்ளி விட்டதும் பூங்காவில் உட்கார்ந்து படிப்பது அவர் வழக்கம். அங்கே அவரைக் கவனித்தவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். பேச்சுக் கொடுத்தார், புத்தகங்கள் கொடுத்தார். நமக்கும் அப்படி ஓர் ஆசிரியரோ நூலகரோ எங்காவது இருப்பார். கூச்சப்படாமல் போய்க் கேட்க வேண்டும்.

1907இல் மெட்ரிக் தேர்வு முடிவு வந்தது. 750க்கு 282. நூற்றுக்கு 38கூட வரவில்லை. நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மதிப்பெண்ணான 35ஐவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை மெட்ரிக் தேறுவது அன்று அபூர்வம். அதற்காகப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. கேலுஸ்கர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பிறகு கல்லூரிப் படிப்புக்குப் பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் 25 ரூபாய் கிடைக்கவும் அவரே துணை நின்றார். 1913இல் பரோடாவின் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகம். அந்த 282தான் அவரை அங்கே கொண்டு சேர்த்த முதல் படி.

ஆகவே மாணவர்களே, மதிப்பெண் குறைந்தால் ஒடிந்துவிடாதீர்கள். தவறிய பாடத்தை அதே ஆண்டில் துணைத் தேர்வில் எழுதலாம். கல்வி உதவித்தொகையும் அரசு மாணவர் விடுதியும் யாரும் போடும் பிச்சை இல்லை, உங்கள் உரிமை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றையும் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் யாராவது சாதியைச் சொல்லி ஒதுக்கினால் உள்ளுக்குள் புழுங்க வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள். 14417, 1098 என்ற இலவச எண்களில் பேசுங்கள்.

பெற்றோரே, தேர்வு முடிவு வரும் நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். அடுத்து எந்தப் பள்ளி, எந்தப் பாடம் என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.