ரொட்டி ஈஸ்ட்டுக்குள் ஓர் இத்தாலி டாக்டர்: யார் இந்த கோல்கை?

வார இறுதியில் புதுச்சேரி போய்விட்டு, மொறுமொறு பிரெஞ்சு ரொட்டியோடு திரும்புகிற ஆளா நீங்கள்? அந்த மாவை உப்ப வைத்தது ஈஸ்ட். ஒவ்வொரு ஈஸ்ட் செல்லின் வெளிச்சுவரிலும் சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதங்கள் இருக்கும். இவைதான் கிளைக்கோபுரதங்கள். அந்தச் சங்கிலி நீளமாக வளரத் தொடங்குவதே ஓசிஎச்1 என்ற மரபணு தரும் நொதியால்தான். வேலை நடக்கும் இடம், பிளஸ் ஒன்னில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதே கோல்கை உடலம்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கமில்லோ கோல்கை (இத்தாலியில் கேட்டால் கோல்ஜி என்பார்கள்). 1843-ல் வட இத்தாலியின் கோர்தெனோ என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா டாக்டர்; மகனும் பாவியாவில் மருத்துவம் படித்தார். மனசெல்லாம் ஆராய்ச்சியில். ஆனால் கையில் காசு வேண்டுமே? 1872-ல், தீராத நோயாளிகளுக்கான ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே லேப் கிடையாது. சமையலறையையே லேப் ஆக்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டே பலன் கிடைத்தது. பொட்டாசியம் டைகுரோமேட்டில் இறுகவைத்த மூளைத் துண்டை சில்வர் நைட்ரேட்டில் ஊறவைத்தார். எல்லாச் செல்களும் சாயம் ஏறவில்லை, அங்கொன்றும் இங்கொன்றும்தான் கறுத்தன. அதுதான் அதிர்ஷ்டம்! ஒரு நரம்புச் செல் கிளையோடும் வாலோடும் முழுசாகத் தெரிந்தது.

பிறகு மலேரியா பக்கம் போனார். ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் ஒரே நேரத்தில் பிளந்து வெளியேறும்போதுதான் காய்ச்சல் முறைவைத்து வருகிறது என்று காட்டினார். கொசு வழி நோய்களை ஆராயும் ஐசிஎம்ஆர் மையம் இருக்கிற புதுச்சேரிக்கு இது இன்னொரு சொந்தம்.

1898-ல் ஆந்தையின் மூளைச் செல்லுக்குள் வலை மாதிரி ஒன்றைப் பார்த்தார். பலர் நம்பவில்லை. சாயம் செய்த மாயம் என்றே தள்ளினார்கள். வேடிக்கை என்னவென்றால், கோல்கை அடித்துச் சொன்ன வேறொரு விஷயம்தான் தப்பு. நரம்புகள் எல்லாம் ஒட்டிய ஒரே வலை என்பது அவர் கட்சி. தனித்தனிச் செல்கள் என்றார் ஸ்பெயினின் கஹால், அதுவும் கோல்கையின் சாயத்தை வைத்தே! 1906 நோபல் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. அந்த மேடையிலும் கோல்கை விட்டுக்கொடுக்கவில்லை.

1926-ல் அவர் இறந்தபோதும் செல்லுக்குள் பார்த்த வலை பற்றிய சண்டை ஓயவில்லை. 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிதான் அதை முடித்துவைத்தது. புரதம் அந்த வழியாக எப்படிப் போகிறது என்பதை ஈஸ்ட் மரபணுக்களை வைத்துப் பிரித்துக் காட்டிய ராண்டி ஷெக்மன், 2013-ல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

இப்போது மருந்துக்கான மனிதப் புரதங்களையும் ஈஸ்ட்டில் தயாரிக்க முடியும். சிக்கல் ஒன்றுதான்: ஈஸ்ட் தன் பழக்கப்படி நீள சர்க்கரை வாலை ஒட்டிவிட்டால், நம் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கும். அதனால்தான் விஞ்ஞானிகள் முதலில் ஓசிஎச்1-ஐ நீக்கிவிட்டு, மனிதச் செல் பாணியில் சர்க்கரை கோக்கும் நொதிகளை உள்ளே வைக்கிறார்கள்.

ஒன்று மட்டும்: ரொட்டி ஈஸ்ட்டில் நாம் வரைந்த அந்த அடுக்குத் தட்டுப் படத்தைத் தேடாதீர்கள். அங்கே கோல்கை தட்டுகள் பெரும்பாலும் செல் முழுக்கத் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும்.