திரையில் தமிழ் பேசிய முதற் கதைத்தலைவி: டி. பி. இராஜலட்சுமி

இயல், இசை, நாடகம் என மூன்று துறைகளில் வளர்ந்த எம் தமிழ்மொழி, 1931ஆம் ஆண்டில் மற்றுமோர் அரங்கிலும் அடியெடுத்து வைத்தது. அதுவே பேசும் திரைப்படம். அவ்வரங்கில் முதன்முதலாகத் தமிழ் பேசி நடித்த கதைத்தலைவி டி. பி. இராஜலட்சுமி. பின்னர் தாமே படம் இயக்கித் தென்னிந்தியாவின் முதற் பெண் இயக்குநர் என்னும் பெருமையையும் அவர் அடைந்தார். வார இறுதியில் பெற்றோருடன் அமர்ந்து தமிழ்ப்படம் பார்க்கும் எம் மாணவச் செல்வங்களுக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். ஆகவே, அவருடைய வாழ்க்கையை இம்மலரிலே சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

இளமையும் இடரும்

காவிரிக் கரையில் அமைந்த திருவையாற்றிலே 1911ஆம் ஆண்டு இராஜலட்சுமி பிறந்தார். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரி, ஊர்க் கணக்கர். தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து மறைந்த அவ்வூரில் இசை காற்றோடு கலந்திருந்தது. கேட்ட பாடலை மனத்தில் இருத்திப் பாடும் ஆற்றல் இராஜலட்சுமிக்குச் சிறு வயதிலேயே வாய்த்திருந்தது.

அந்நாளில் குழந்தை மணம் நாடெங்கும் வழக்கில் இருந்தது. அதனைத் தடுக்க முற்பட்ட சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, விளையாடித் திரியும் வயதில், இராஜலட்சுமிக்குத் திருமணம் நடந்தேறியது. சீர்வரிசை பற்றி எழுந்த பூசலால் அவ்வுறவு விரைவில் முறிந்தது. தந்தையாரும் காலமானார். ஆதரவற்ற தாயும் மகளும் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தனர்.

மணவாழ்வு முறிந்த பெண்ணுக்கு வீட்டின் ஒரு மூலையே உலகம் என்று சமூகம் விதித்திருந்த காலம் அது. இராஜலட்சுமியிடம் இருந்த செல்வம் குரல் ஒன்றே. அதனை நம்பி அவர் நாடக மேடையை நாடினார்.

மேடையில் ஒரு பெண்

நாடகத்திற் பெண் வேடத்தையும் ஆடவரும் சிறுவருமே பெரும்பாலும் தாங்கிவந்த நாள்கள் அவை. மேடையேறும் பெண்ணை ஊரார் மதிப்பதில்லை. அந்தணக் குடும்பத்துச் சிறுமி நாடகத்தில் நடிப்பதென்றால் உறவினரின் பகையையும் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பகையைத் தாங்கியவாறே, சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார். பவளக்கொடி, வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் புகழ்பெற்று விளங்கிய அக்காலத்தில், விரைவிலேயே முன்னணி நடிகையாக உயர்ந்தார். விடுதலை வேட்கை பொங்கிய அந்நாளில், தேசபக்திப் பாடல்களை மேடையிற் பாடி ஆங்கில அரசின் சினத்துக்கும் ஆளானார்.

மௌனப் படமும் பேசும் படமும்

1929ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோவலன்' என்னும் மௌனப் படத்தில் இராஜலட்சுமி திரைக்கு அறிமுகமானார். மௌனப் படத்தில் முகம் தோன்றும், குரல் கேளாது. பாடற்றிறத்தால் உயர்ந்த ஒருவருக்கு அது பாதி மேடையே.

1931ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியாவின் முதற் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா' பம்பாயில் வெளியாயிற்று. அதனை எடுத்த அர்தேஷிர் இரானியின் நிறுவனமே 'காளிதாஸ்' படத்தையும் தயாரித்தது. எச். எம். ரெட்டி இயக்கினார். சூழ்ச்சியால் அறிவிலி ஒருவனுக்கு மணம் செய்துவைக்கப்பட்ட அரசகுமாரியாக இராஜலட்சுமி நடித்தார். தம் விருப்பம் கேளாமலே மணமுடிக்கப்பட்ட அவருக்கு அவ்வேடத்தின் துயர் அந்நியமானதன்று.

இப்படத்தில் ஒரு விந்தை உண்டு. கதைத்தலைவர் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கிற் பேசினார். இராஜலட்சுமி தமிழில் விடையிறுத்தார். ஏனையோர் சிலர் இந்தியிலும் பேசினர். பல மொழிகள் ஒலித்த அப்படம் தமிழின் முதற் பேசும் படமாகப் போற்றப்படுவதற்கு இராஜலட்சுமியின் வாய்மொழித் தமிழும், அவர் பாடிய பாடல்களுமே பெருங்காரணம் எனலாம். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய தேசியப் பாடல்களும் அதில் இடம்பெற்றன.

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. படச்சுருள் பெட்டி சென்னை வந்தபோது மக்கள் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, மலர் தூவி ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். 1933ஆம் ஆண்டில் வெளிவந்த 'வள்ளி திருமணம்' பெருவெற்றி ஈட்டியது. இராஜலட்சுமியைச் 'சினிமா ராணி' என்றே மக்கள் அழைக்கலாயினர். அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்துகொண்டார். இம்முறை மணம் அவருடைய சொந்தத் தெரிவாக இருந்தது.

'மிஸ் கமலா'

பிறர் எழுதிய கதைகளில் நடித்ததோடு இராஜலட்சுமி நிறைவு கொள்ளவில்லை. 'கமலவல்லி' என்னும் புதினத்தைத் தாமே எழுதியிருந்தார். அதனையே 1936ஆம் ஆண்டில் 'மிஸ் கமலா' என்னும் திரைப்படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், முதன்மை வேடம் ஆகிய நான்கையும் தாமே ஏற்றார். இந்திய அளவில் 1926ஆம் ஆண்டிலேயே ஃபாத்மா பேகம் ஒரு மௌனப் படத்தை இயக்கியிருந்தார். தென்னாட்டில் இராஜலட்சுமிக்கு முன்னோடி எவரும் இலர்.

புராணக் கதைகளே திரையை நிறைத்திருந்த வேளையில், தம் காலத்துப் பெண்ணொருத்தியின் வாழ்வை அவர் படமாக்கினார். தம் மகளுக்கும் அக்கதைத்தலைவியின் பெயரையே சூட்டினார். பெண் சிசுக்கொலையைக் கண்டு மனம் வருந்திய அவர், அவ்வாறு மாள இருந்த குழந்தை ஒன்றை எடுத்து வளர்த்தார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

பின்னர் 'மதுரை வீரன்' படத்தையும் அவர் இயக்கினார். நாட்டுப்பற்றை உணர்த்த அவர் எடுத்த 'இந்தியத் தாய்' தணிக்கையாளரின் தடைகளுக்கு உள்ளாகிப் பெரும் பொருளிழப்பைத் தந்தது. திரையுலகில் புதியோர் வர, வாய்ப்புகளும் குறைந்தன. 1961ஆம் ஆண்டில் கலைமாமணி விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1964ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

நாம் கொள்ளவேண்டியது

'காளிதாஸ்', 'மிஸ் கமலா' ஆகிய இரு படங்களின் பிரதிகளும் இன்று கிடைத்தில. திரையில் ஒலித்த அம்முதற் தமிழை எம்மால் கேட்க இயலாது. சில நிழற்படங்களும் செய்திகளுமே எஞ்சியுள்ளன. பேணாத செல்வம் எத்துணை விரைவில் அழியும் என்பதற்கு இஃது ஒரு சான்று. படச்சுருளுக்கு நேர்ந்தது மொழிக்கும் நேரலாம் என்பதைப் புலம்பெயர்ந்து வாழும் பெற்றோராகிய நாம் நன்கறிவோம்.

மாணவச் செல்வங்களே! எதிரே நின்றவர் வேற்று மொழியிற் பேசியபோதும் இராஜலட்சுமி தமிழிலேயே விடையிறுத்தார். நீங்களும் நாள்தோறும் வேற்று மொழி சூழவே வாழ்கின்றீர்கள். அம்மொழியை நன்கு கற்றிடுங்கள். வீட்டிலே உங்களிடம் தமிழில் ஒரு கேள்வி எழும்போது, தமிழிலேயே விடை கூறுங்கள்.