மணல் கடலில் மோட்டார் ஓட்டிய பாக்னால்டு

எகிப்து நாட்டின் மேற்கே ஒரு பெரிய பாலைவனம் இருக்கிறது. அதற்கு லிபியப் பாலைவனம் என்று பெயர்.

அதன் பெரும்பகுதியில் ஆறு இல்லை, ஊர் இல்லை, நிழலுக்கு ஒரு மரம் கூட இல்லை. ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நூற்றுக்கணக்கான மைல் தூரம். காற்று குவித்த மணல் மேடுகள் 300 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும். கடலில் அலைக்குப் பின் அலை வருவதுபோல, மேட்டுக்குப் பின் மேடு வந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தப் பகுதிக்கு "மணல் கடல்" என்றே பெயர் வந்தது.

ஒட்டகமும் தயங்கும் அந்த மணலில் மோட்டார் ஓட்டிக் காட்டினார் ஒருவர். அவர் பெயர் ரால்ப் பாக்னால்டு.

பட்டாளக்காரர் மகன்

பாக்னால்டு 1896-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை பட்டாளத்தில் பொறியியல் பிரிவு அதிகாரி. அக்காள் ஈனிட் பாக்னால்டு பிற்காலத்தில் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆனார்.

தந்தையைப் போல மகனும் பட்டாளத்தில் சேர்ந்தார். முதல் உலக யுத்தத்தில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் பணியாற்றினார். யுத்தம் முடிந்த பிறகு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பொறியியல் படித்தார். படிப்பு முடிந்ததும் மீண்டும் பட்டாளம்.

1926-ம் ஆண்டு அவரை எகிப்துக்கு அனுப்பினார்கள். அங்கே மற்ற அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் குதிரைப் பந்து ஆடினார்கள். பாக்னால்டு ஒரு போர்டு காரை வாங்கினார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, விடுமுறை தோறும் பாலைவனத்துக்குள் புறப்பட்டார். சொந்தக் காசு, சொந்தக் கார்!

1928-ல் அவரை இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கு மாற்றினார்கள். பாலைவன ஆசை அப்போதும் விடவில்லை. விடுமுறை கிடைத்ததும் எகிப்துக்குத் திரும்பினார். 1929-லும் 1930-லும் நீண்ட பயணங்கள் செய்தார். செர்சூரா என்ற மாய நகரம் மணலுக்கு நடுவே மறைந்து கிடப்பதாக ஒரு பழங்கதை உண்டு. அதையும் அவர் தேடினார். நகரம் கிடைக்கவில்லை, வழிகள் கிடைத்தன.

தண்ணீரைக் காத்த தகரப் பெட்டி

பாலைவனத்தில் கார் ஓட்டுவது ஊரில் ஓட்டுவது போல அல்ல. முதல் தொல்லை தண்ணீர். மணலில் இழுக்கும்போது என்ஜின் கொதிக்கும். ரேடியேட்டர் தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும். அந்தத் தண்ணீர் போனால் கார் போகாது. குடிதண்ணீரை எடுத்து அதில் ஊற்றினால் மனிதன் பிழைக்க மாட்டான்.

பாக்னால்டும் நண்பர்களும் எளிய முறை ஒன்றைக் கையாண்டார்கள். ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாயை, பக்கத்தில் கட்டிய தகரப் பெட்டிக்குக் கொண்டு போனார்கள். பெட்டியில் பாதி அளவு தண்ணீர் இருக்கும். ஆவி குழாய் வழியே வந்து, அந்தத் தண்ணீரில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகிவிடும். பெட்டி நிரம்பிக் கொதிநீர் தெறித்தால் காரைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துவார்கள். என்ஜின் ஆறியதும் களகளவென்று ஓர் ஓசை கேட்கும். தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்கே திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஒரு சொட்டும் வீணாகாது!

இரண்டாவது தொல்லை மணல். சக்கரம் புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைத்தார்கள். அப்போது டயர் அகலமாகப் படியும், மணல் தாங்கும். அப்படியும் புதைந்தால், சக்கரத்துக்கு அடியில் நீண்ட இரும்புத் தகடுகளைப் போட்டு ஏற்றினார்கள். முதல் யுத்தத்தில் பதுங்கு குழிகளுக்குக் கூரை போடச் செய்த தகடுகள் அவை. கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையில் பாக்னால்டுக்குக் கிடைத்தன.

மூன்றாவது தொல்லை திசை. காரில் உள்ள இரும்பு, காந்த ஊசியைக் குழப்பிவிடும். ஆகவே பாக்னால்டு சூரிய நிழலைக் கொண்டு திசை காட்டும் கருவி ஒன்றைச் செய்தார். ஒரு சிறு தட்டு. அதன் நடுவே செங்குத்தாக ஓர் ஊசி. ஊசியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டலாம்.

வண்டி போடும் சத்தம்

நான்காவது தொல்லைதான் பொல்லாதது. அது ஸ்பிரிங்.

வில் வண்டி பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில்போல வளைத்திருப்பார்கள். குழியில் சக்கரம் விழும்போது அதிர்ச்சியை அந்தப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். பாக்னால்டு காலத்துக் கார்களிலும் லாரிகளிலும் இருந்தது இதே ஏற்பாடுதான்.

பாலைவனம் முழுவதும் மணல் அல்ல. பல இடங்களில் கூரிய கற்கள் பரவிக் கிடக்கும். அதன் மீது, பெட்ரோலும் தண்ணீரும் ஏற்றிய வண்டி நாள் முழுவதும் குலுங்கிக்கொண்டே போகும். பட்டை ஒடிந்தால் வண்டி நின்றுவிடும். வண்டி நின்றால் நடக்க வேண்டும். நூறு மைல் நடக்கத் தண்ணீர் எங்கே?

ஆகவே கரடுமுரடான வழியில் வண்டி ஓட்டுகிறவன் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒடிவதற்கு முன்பு வண்டி பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்கும். அதிலும் தகரமும் பெட்டியும் ஆடுகிற சத்தம் ஏமாற்றிவிடும். முதலில் சாமான்களை இறுக்கிக் கட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.

கிறீச் கிறீச் என்றால், பட்டைகள் உலர்ந்து ஒன்றோடொன்று உரசுகின்றன. உடனே ஆபத்து இல்லை. ஆனால் இடையில் புகுந்த மணல் பட்டையை மெல்ல அராவும்.

சிறு மேட்டிலும் டக் டக் என்றால், பட்டையின் முனையைத் தாங்கும் ஆணியோ அதன் உறையோ தேய்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி, ஒருவர் மேலிருந்து அழுத்தி அழுத்தி விட வேண்டும். இன்னொருவர் அந்த மூட்டின் மீது விரல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

பெரிய குழியில் டம் என்று இடித்தால், அச்சு மேலே சட்டத்தில் மோதுகிறது. பாரம் அதிகம், அல்லது ஒரு பட்டை ஒடிந்திருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

புறப்படும்போதும் பிரேக் போடும்போதும் கடக் என்றால், பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். இதுதான் பெரிய ஆபத்து. அச்சு நகர்ந்துவிட்டால் வண்டி நேரே போகாது. உரசிப் பளபளக்கும் இரும்பு இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

நின்று பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். பார்க்காமல் போனால் உயிர் போகும்.

ஆறு வாரத்தில் ஒரு படை

1932-ல் பாக்னால்டு லிபியப் பாலைவனத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக மோட்டாரில் கடந்தார். 1935-ல் உடல்நலம் கெட்டு, பட்டாளத்திலிருந்து விலகினார். இனி அவர் வாழ்வு அமைதியாகக் கழியும் என்றே தோன்றியது.

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. அவரை மறுபடி அழைத்தார்கள். ஆப்பிரிக்காவில் கென்யாவுக்குப் போகும்படி உத்தரவு. வழியில் மத்தியதரைக் கடலில் அவருடைய கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியது. பழுது பார்ப்பதற்காக எகிப்துக் கரைக்குத் திருப்பினார்கள். அந்த விபத்து அவரைப் பழைய பாலைவனத்தின் வாசலிலேயே கொண்டுபோய் விட்டது!

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. லிபியா அப்போது இத்தாலியின் வசம் இருந்தது. பாலைவனத்தின் வழியே எதிரியின் பின்புறம் போய் உளவு பார்க்கலாம் என்று பாக்னால்டு சேனாதிபதி வேவலிடம் யோசனை சொன்னார். வேவல் ஒப்புக்கொண்டு ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார்.

பாக்னால்டு செவர்லே லாரிகளைச் சேகரித்தார். கதவு, கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகளைச் சேர்த்தார்கள். ஆவியைக் குளிர வைக்கும் பெட்டியும் சூரியத் திசைகாட்டியும் பொருத்தினார்கள். பண்ணைகளில் இயந்திரங்களோடு பழகிய நியூசிலாந்து வீரர்கள் முன்வந்தார்கள். ஆளுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர்தான். நெடுந்தூரப் பாலைவனப் படை என்ற புகழ் பெற்ற படை இப்படித்தான் பிறந்தது.

வண்டி இழந்தவர் கதி என்ன என்பதையும் அந்தப் படை கண்டது. 1941 ஜனவரி இறுதியில் எதிரிகள் தாக்கி மூன்று லாரிகளை எரித்தார்கள். தப்பிய வீரர்கள் நால்வர் தெற்கு நோக்கி நடந்தார்கள். கையில் இருந்தது ஒரு தகரம் தண்ணீர். பத்து நாளில் சுமார் 200 மைல்! பிரெஞ்சு வீரர்கள் அவர்களைக் கண்டெடுத்தார்கள். ஒருவர் மட்டும் மீட்ட பின்னும் பிழைக்கவில்லை.

பாடும் மணல்

பாக்னால்டின் காது மணலையும் கேட்டது. மனித வாடையற்ற இடத்தில், காற்று ஓய்ந்த இரவு வேளையில், மணல் மேடு திடீரென்று முழங்குவதை அவர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் கத்த வேண்டியிருந்ததாம். மேட்டுச் சரிவில் மணல் சரியும்போது எழும் ஓசை அது.

மணல் ஏன் இப்படிக் குவிகிறது, காற்றில் எப்படி நகர்கிறது என்று அறிய விரும்பினார். லண்டனில் ஒரு காற்றுக் கூண்டு செய்து, அதற்குள் மணலைப் பறக்கவிட்டு அளந்தார். 1941-ல் அந்த ஆராய்ச்சி புத்தகமாக வந்தது. 1944-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது. கல்லூரி ஆசிரியராக வேலை பார்க்காத ஒரு பட்டாளக்காரருக்கு அது பெரிய பெருமை.

1990-ம் ஆண்டு மே 28-ந் தேதி, 94-வது வயதில் பாக்னால்டு காலமானார். செவ்வாய்க் கிரகத்தின் மணல் மேடுகளை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகளுக்கும் அவருடைய புத்தகம் உதவியது. அங்கே ஒரு மணல் மேட்டுக் கூட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2015-ன் இறுதியில் கியூரியாசிட்டி என்ற ஆளில்லா வண்டி அந்த மேடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய போர்டு காரில் மணலுக்குள் புறப்பட்டவரின் பெயர், செவ்வாயின் மணலிலும் நிலைத்திருக்கிறது.